காப்புக்கு ஊற்றிய மோர்

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நமக்கு எதற்கு வம்பு? ராஜாவின் பெயரை மட்டும் சொல்லலாம். கோதண்டவர்மர். நல்ல மனுஷர்தான். குடிகளை வதைக்க மாட்டார், கோயில் நிலத்தில் கை வைக்க மாட்டார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, கொடுப்பது. யாராவது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் போதும், பொன்னில் காப்போ பதக்கமோ செய்யச் சொல்லி, சபையைக் கூட்டி, தம் கையாலேயே பூட்டிவிட்டு, வாங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் மலர்ந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

இப்படியிருக்க, வெளியூர்ப் புலவர் ஒருவர் பதக்கம் வாங்கிய கையோடு அரண்மனை வாசலிலேயே ஓர் உரைகல்லை எடுத்து அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டார். வாசல் தாண்டிப் போய்ச் செய்திருக்கக் கூடாதா அந்தப் பாவி! மாடத்தில் நின்ற ராஜாவின் கண்ணில் பட்டுவிட்டது. "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா?" என்று கொதித்துப்போனார். மறுநாளே தண்டோரா போட்டார்கள். அரசர் கொடுத்த பொன்னை யாரும் கல்லில் உரைக்கக் கூடாது, தீயில் காட்டக் கூடாது, உளி படக் கூடாது, தராசில் ஏற்றக் கூடாது. அது பொன்தானா என்று வாய்விட்டுக் கேட்டாலும் குற்றம். தண்டனை, நாடு கடத்தல்.

இந்தத் தண்டோராவைக் கேட்டு ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் பொக்கிஷ அதிகாரி பஞ்சநதம். காப்பும் பதக்கமும் செய்து வாங்கி, அரண்மனை முத்திரை குத்தி, தட்டில் வைத்து ராஜாவிடம் நீட்டுவது அவர் வேலை.

அந்தச் சபையில் திருமேனி என்று ஒரு விகடர் இருந்தார். பெயர்தான் திருமேனி, காற்று பலமாக அடித்தால் தூணைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. வாய் ஒன்றுதான் அவருக்குச் சொத்து. அந்த வாய்க்காகவே ராஜாவுக்கு அவர்மேல் பிரியம். அந்தப் பிரியத்துக்காகவே மற்றவர்களுக்கு அவர்மேல் எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை சபைக்கு நாச்சாத்தாள் வந்து நின்றாள். பரிசல்துறைக்காரி. போன வருஷத்து வெள்ளத்தில் ராணியின் படகு கவிழ்ந்தபோது, ஆண்பிள்ளைகள் எல்லோரும் கரையில் நின்று கூவிக்கொண்டிருக்க, சுழலுக்குள் பரிசலை விட்டுக் குட்டி இளவரசியைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கியவள் இவள்தான். அவள் கையில் பொன் காப்பைப் பூட்டும்போது ராஜா அழுதேவிட்டார்.

அந்தக் காப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "மகாராசா, கோவிச்சுக்கக் கூடாதுங்க. இதப் போட்டா கையெல்லாம் பச்சை புடிக்குதுங்க. பொன்னு பச்சை புடிக்குமுங்களா? யாரோ தெரியாம மாத்தி வெச்சுட்டாங்களாட்ட இருக்குது. உங்க காதுல போட்டு வெக்கலாம்னு வந்தேனுங்க."

அமைச்சர்களும் தளபதிகளும் தங்கள் மணிக்கட்டைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் ராஜா காப்பு கொடுத்திருந்தார். எல்லோருமே காப்புக்கு அடியில் கொஞ்சம் சந்தனம் பூசிக்கொண்டு வருகிற வழக்கத்தையும் வைத்திருந்தார்கள்.

பஞ்சநதம் முன்னால் வந்தார். "மன்னர் பெருமானே! முத்திரையைப் பார்த்தருள வேண்டும். அரண்மனை முத்திரை. அந்த அச்சு அடியேனின் இடுப்பை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை. முத்திரை மெய்யானால் காப்பும் மெய். இவள் பொழுதெல்லாம் ஆற்றிலே கிடப்பவள். இதில் ஒட்டியிருப்பது ஆற்றுப் பாசி. பாசியைப் பார்த்துவிட்டுத் தங்கள் கொடையைப் பித்தளை என்கிறாள்!"

"பித்தளைன்னு நான் சொல்லவே இல்லீங்களே," என்றாள் நாச்சாத்தாள். "நீங்கதான் சொல்றீங்க."

திருமேனி சிரித்துவிட்டார். அடக்கித்தான் பார்த்தார், முடியவில்லை. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது.

"விகடரே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"

பஞ்சநதம் விடுவாரா? எத்தனை நாள் காத்திருந்த சந்தர்ப்பம்! "மன்னவா, விகடர் பேரறிவாளர். கல், தீ, உளி, தராசு எதுவும் படாமல் இது பொன்னா இல்லையா என்று அவரே கண்டு சொல்லட்டும். பொன்தான் என்றால், தங்கள் கொடையைப் பழித்த இவளோடு, அதைக் கேட்டுச் சிரித்தவரும் அதே பரிசலில் எல்லையைத் தாண்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா. "அடுத்த வெள்ளிக்கிழமைச் சபையில் விடை வர வேண்டும். அதுவரை காப்பு என்னிடம் இருக்கும்."

வெளியே வந்ததும் நாச்சாத்தாள் திருமேனியின் பின்னாலேயே வந்தாள்.

"என்னால உங்களுக்கும் தொந்தரவாப் போச்சுங்க சாமி."

"என் வாயால் எனக்குத் தொந்தரவு. அது பழகிப்போனதுதான் ஆத்தா. ஏன், பேசாமல் கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கலாமே?"

"போட்டிருக்கலாமுங்க. அந்த மனுசன் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாருங்களே, அவர எவனோ ஏமாத்தறான்னு தெரிஞ்சும் எப்படிங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறது?" அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "துறை போனாப் போகுதுங்க. எந்த ஆத்துலயும் நான் பரிசல் தள்ளிப் பொழைச்சுக்குவேன். ஆனா நாச்சாத்தா பொய்க்காரின்னு பேராயிருமுங்க. நாளைக்கு 'தண்ணி ஏறுது, யாரும் எறங்காதீங்க'ன்னு கரையில நின்னு கத்துனா எவன் காதுல போட்டுக்குவான்? புள்ளகுட்டியோட எறங்கிப்போடுவாங்களே!"

திருமேனி அவளைத் துறைக்கு அனுப்பிவிட்டுத் தம் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துணிமுடிச்சு ஒன்றை எடுத்தார். அவருக்கு ராஜா கொடுத்த பதக்கம். ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. புதிதாக இன்றைக்குப் பூத்ததல்ல. பொங்கலுக்கு முன்பே பார்த்தார். ராஜா மனசு நோகக் கூடாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு திரும்ப முடிந்து அரிசிக்குள் புதைத்துவிட்டார். உண்மையில் அது ராஜாவின் மனசைப் பற்றிய கவலையே அல்ல, தம் வேலையைப் பற்றிய பயம் என்று இப்போது தெரிந்தது. ஒரு பரிசல்காரி வந்து சொல்லும்வரை இந்த வாய் எங்கே போயிருந்தது? வெட்கமாக இருந்தது அவருக்கு.

நாலைந்து நாள் சோறு தண்ணி சரியாக இல்லாமல் யோசித்தார். கல்லைக் காப்பில் தேய்க்கலாமா என்றால், எதில் எதைத் தேய்த்தாலும் உரைப்பதுதான். பொய் முத்திரை என்று சொல்லலாமா என்றால், முத்திரை நிஜம். அதுதான் கொடுமையே.

புதன்கிழமை மத்தியானம் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தாகம் எடுத்தது. அடுக்களையில் பித்தளைச் சொம்பு ஒன்றில் மோர் இருந்தது. முதல் நாள் ராத்திரி அவரே நினைவில்லாமல் மண்கலயத்திலிருந்து அதில் ஊற்றி வைத்த மோர். எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"ஐயோ, குடிக்காதீங்க! குடிக்காதீங்கன்னா!"

அவர் மனைவி உலகம்மாள் கிணற்றடியிலிருந்து போட்ட சத்தத்தில் முருங்கையிலிருந்த காக்கை பறந்தது. ஈரக் கையோடு ஓடி வந்து சொம்பைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? ஈயம் பூசாத சொம்புங்க இது! இதுல போயி மோர ஊத்தி வெப்பாங்களா? பாருங்க, பச்சையாக் களிம்பு எறங்கிக் கெடக்குது. குடிச்சிருந்தா கொடலே வெளிய வந்திருக்கும். ஈயம் பூசறவன் தெருவுக்கு வந்து எத்தனை மாசமாச்சு, ஒரு வார்த்தை போயிக் கேளுங்கன்னா, உங்களுக்கு ராசாவைச் சிரிக்க வெக்கவே நேரம் பத்தலை..."

அவள் பேசிக்கொண்டே போனாள். திருமேனி சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். மோர் நீலமும் பச்சையுமாகத் திரிந்திருந்தது. ஆனால் அவர் மனசில் நின்றது அந்த நிறமல்ல. இவள் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. அது ஈயம் பூசாத பித்தளை என்று இவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கத்தினாள்.

"உலகு, இன்னும் கொஞ்சம் திட்டு," என்றார். "ரொம்ப நல்லா இருக்கிறது."

"திட்டறது நல்லா இருக்குதாம்ல! பசியில மண்டை கொழம்பிப் போச்சு," என்று அவள் சோறு போடப் போனாள்.

மறுநாள் திருமேனி அரண்மனைக்குப் போனார். ராஜாவின் பக்கத்தில் பஞ்சநதமும் இருந்தார்.

"மன்னவா, பொக்கிஷ அதிகாரி சொன்னதை யோசித்தேன். தங்கள் கொடை புனிதமானது. அதில் பாசி ஏறியிருக்கிறது என்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. சாமி சிலையில் அழுக்கு ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? அபிஷேகம். தயிரும் எலுமிச்சையும் வைத்து அந்தக் காப்புக்கு ஓர் அபிஷேகம் செய்ய அனுமதி தர வேண்டும். கல் வேண்டாம், தீ வேண்டாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. தம் கொடைக்கு அபிஷேகம் என்றால் எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்காது? பஞ்சநதத்தின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அபிஷேகம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பச்சை இறங்கினால் பாசி கரைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

புளித்த தயிர் நிறைந்த ஒரு மண்பானையில் ராஜாவே காப்பைப் போட்டார். எலுமிச்சைச் சாறு பிழிந்தார். பானை வாயைத் துணியால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்துத் தம் மோதிரத்தை அழுத்தினார். பானை பூஜை அறைக்குப் போனது. வாசலில் ராஜாவின் சொந்தக் காவலர்கள் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. நாச்சாத்தாள் ஓரமாக நின்றாள். எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று திருமேனி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மேளம் முழங்கத் திருமேனி மூக்கு வைத்த ஒரு பெரிய வெள்ளிக் கிண்டியோடு வந்தார். பின்னால் ஆட்கள் தட்டுகளில் கிண்ணங்களைக் கொண்டுவந்தார்கள்.

"அபிஷேகம் ஆயிற்று மன்னவா. அபிஷேகம் ஆனால் தீர்த்தம் உண்டு. பொன் ஊறிய தீர்த்தம் உடம்புக்கும் நல்லது என்பார்கள். முதல் கிண்ணம் யாருக்கு? இது பொன் என்று அடித்துச் சொன்னவருக்குத்தான்." கிண்டியைச் சாய்த்து ஒரு கிண்ணத்தை நிரப்பிப் பஞ்சநதத்தின் கையில் கொடுத்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று பஞ்சநதத்துக்கு. கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். பச்சை பச்சையாக ஏதோ மிதந்தது.

"எனக்கு... இன்றைக்கு விரதம். மோர்கூட எடுத்துக்கொள்வதில்லை."

"அடடா! பரவாயில்லை. தளபதியார்?"

தளபதிக்குச் சளி. முதலமைச்சருக்கு வைத்தியர் புளிப்பே ஆகாது என்று சொல்லியிருந்தாராம். இன்னொருவருக்கு எலுமிச்சை வாசனை பட்டாலே தலை சுற்றும். ஒருவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் எல்லோருடனும் சேர்ந்து குடிப்பதாகச் சொல்லி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். போர்க்களத்தில் ஈட்டிக்கு அஞ்சாத ஆட்கள்! ஒரு வாய் மோருக்கு இந்தப் பாடு.

ராஜா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. "என் கொடையின் தீர்த்தம்," என்றார் மெதுவாக. "இத்தனை பேரில் ஒருவருக்குமா வேண்டாம்?" பிறகு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொண்டு வாரும் விகடரே! என் பொன்னில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நானே குடிக்கிறேன்."

திருமேனி கிண்ணத்தை நிரப்பி அவர் கையில் கொடுத்தார். நாச்சாத்தாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. ராஜா கிண்ணத்தை உயர்த்தினார். உதட்டருகே கொண்டுபோனார்.

"வேண்டாம் மன்னவா! குடிக்காதீர்கள்! களிம்பு!"

கத்தியவர் பஞ்சநதம். கத்திவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா கிண்ணத்தை இறக்கவில்லை. அவர் குரல் மட்டும் இறங்கியது. "களிம்பா? பொன்னில் ஏது பஞ்சநதம் களிம்பு?"

பஞ்சநதம் அப்படியே தரையில் விழுந்தார். இடுப்பிலிருந்த முத்திரை அச்சு கழன்று உருண்டது. உள்ளே பித்தளை, மேலே பெயருக்கு ஒரு பூச்சுப் பொன் என்று எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே ஒப்புக்கொண்டார்.

"விகடரே," ராஜா கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார், "இவன் கத்தாமல் இருந்திருந்தால்? நான் குடித்திருந்தால்?"

"குடியுங்கள் மன்னவா. அது உலகம்மாள் காலையில் கடைந்த மோர். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் அரைத்துப் போட்டிருக்கிறாள், அந்தப் பச்சைதான் அது. தாங்கள் கட்டிய பானை முடிச்சு அவிழாமல் பூஜை அறையிலேயே இருக்கிறது. இதைத் தீர்த்தம் என்று கொடுத்தேன். எந்தப் பானையிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

பானை வந்தது. ராஜாவே அரக்கை உடைத்தார். தயிர் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார்கள். சந்தனத்தைத் துடைத்தால் எல்லார் மணிக்கட்டிலும் பச்சை வளையம். கடைசியில் திருமேனியும் மடியிலிருந்து தம் பதக்கத்தை எடுத்து அந்தக் குவியலில் வைத்தார்.

"உமக்குமா தெரியும்?"

"தெரியும் மன்னவா. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இந்தப் பெண் திறக்கும்வரை."

ராஜா குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு காப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. கல்லை விலக்கியது நான்தானே? இவன் அந்த நிழலில் பிழைத்தான்." பிறகு பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "இவனை என்ன செய்யலாம்?"

"பதவியை எடுத்துக்கொள்ளுங்கள், தின்றதைக் கக்க வையுங்கள்," என்றார் திருமேனி. "உயிரோடு விட்டுவிடுங்கள். தான் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும், தாங்கள் குடித்துவிடக் கூடாதே என்று கத்தினான். உரைத்துப் பார்த்ததில் அந்த ஒரு கோடு மஞ்சளாகத்தான் விழுந்தது."

"அப்படியானால் நாச்சாத்தாளின் துறையில் துடுப்புப் போடட்டும்."

"ஐயோ, வேண்டாமுங்க மகாராசா!" என்று நாச்சாத்தாள் பதறினாள். "பரிசலை அடகு வெச்சுப்போடுவாருங்க!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. சிங்காதனத்தை விட்டு இறங்கி அவளிடம் வந்தார். "உனக்கு என்ன வேண்டும் தாயே, கேள்."

"பொன்னு இருக்கட்டுங்க. நாச்சாத்தா பொய் சொல்லலைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை. அது துறைவரைக்கும் கேக்கோணும்."

ராஜா சபையைப் பார்த்துத் திரும்பினார். "நாச்சாத்தாள் சொன்னது மெய்," என்றார். "நான் கேட்காமல் இருந்ததுதான் பிழை." அதையே தண்டோராக்காரன் அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றின் இரு கரையிலும் முழங்கினான்.

அதோடு ராஜா விடவில்லை. ராணியின் கையிலிருந்து ஒரு காப்பை வாங்கி வந்து நாச்சாத்தாளிடம் நீட்டினார். இன்னொரு கையில் ஓர் உரைகல். நாச்சாத்தாள் "கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கல்லை வாங்கி அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். ராஜா குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அது பொன்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதுவும் பஞ்சநதத்தின் கையால் வந்ததுதானே! கறுப்புக் கல்லில் பளிச்சென்று மஞ்சள் கோடு விழுந்தது.

"பொன்னுதானுங்க!" என்று அவள் கத்தினாள்.

அப்போதுதான் ராஜா சிரித்தார். தூணெல்லாம் அதிரச் சிரித்தார். வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "விகடரே, இப்படி ஒரு மோரை நான் குடித்ததே இல்லை. என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார்.

"தங்கள் பரிசு என்றாலே இனி எனக்குக் கல்லும் சேர்த்து வேண்டும் மன்னவா. சுமக்க உடம்பில் தெம்பில்லை. அரண்மனையில் ஈயம் பூசுகிறவர் இருக்கிறாரே, அவரை ஒரு நாள் எங்கள் தெருவுக்கு அனுப்பி வையுங்கள்."

ராஜா ஒரு மோதிரத்தைக் கழற்றி, கல்லில் தாமே உரைத்துக் காட்டி, அவர் விரலில் போட்டு அனுப்பினார். ஈயம் பூசுகிறவரும் உலையும் துருத்தியுமாகப் பின்னாலேயே போனார்.

வாசலில் நின்ற உலகம்மாள் கணவரையும் பார்க்கவில்லை, மோதிரத்தையும் பார்க்கவில்லை. "வந்துட்டீங்களா!" என்று ஈயம் பூசுகிறவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கூவிவிட்டு, பித்தளைச் சொம்பை எடுத்துவர உள்ளே ஓடினாள். அவர்கள் மோர் குடித்து நன்றாக இருந்தார்கள். நாமும் குடித்து நன்றாக இருப்போம், சொம்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டு.